கதவுக்காரனுக்கு இலை

கல்லுச்சாமியின் மடத்துக்கு ஆக்சிஜன் மெஷின் வந்து இறங்கியதும் சென்னியப்பன் அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார். நெற்றி எது என்று தீர்மானிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கரண்டுல ஓடற சாமான், மாஸ்டர்" என்றாள் செவிலியர் பெர்னதெத்.

"ஈரமில்லாம உருட்டித்தான் வெச்சேனுங்க, சிஸ்டர்."

கட்டிலில் சாய்ந்திருந்த கல்லுச்சாமி சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. அது முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

பெர்னதெத் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு முறை வருகிறவள். மெல்லிய குழாயைச் சாமியின் மூக்கில் பொருத்தினாள். மெஷினின் முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழலும் அதற்குள் மிளகளவு உருண்டையும் இருந்தன. அடியில் ஒரு திருகு. திருகத் திருக உருண்டை மேலே ஏறியது. ஒன்று என்ற கோட்டில் அதை நிறுத்தினாள். பிறகு சாமியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். சிவப்பாக எண் வந்தது. எண்பத்தொன்பது.

"எண்பத்தெட்டுலேருந்து தொண்ணூத்திரண்டுக்குள்ள இருக்கணும். உருண்டை ஒண்ணுலதான் நிக்கணும். இந்தத் திருகை யாரும் தொடக் கூடாது."

"எத்தனைக்கு எண்பத்தொன்பதுங்க?"

"நூத்துக்கு."

சென்னியப்பன் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மீதி பதினொண்ணு?"

"வேண்டாம்."

"எனக்கு எவ்வளவு இருக்குமுங்க?"

கிளிப்பை அவர் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. திருடிவிட்டவரைப் போல அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இவருக்கு மட்டும் ஏனுங்க கம்மி?"

"இவர் உடம்புக்கு அதுதான் சரி. கூடக் குடுத்தா மூச்சு சோம்பேறி ஆயிடும். எழுதி ஒட்டிட்டுப் போகட்டுமா?"

"வேண்டாமுங்க. மனசுல இருக்குது."

மடம் என்பது பெயர்தான். கைவிடப்பட்ட கல்குவாரியின் ஓரத்தில் மூன்று ஓட்டு அறைகள், ஒரு நீளமான தகரக் கொட்டகை. கல்லுச்சாமி அந்தக் குவாரியில் இருபது வருடம் கல் உடைத்தவர். ஒரு தை மாதத்தில் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்க வந்தவர்களுக்குக் கஞ்சி கொடுத்தார். கேட்க வருகிறவர்கள் கூடினார்கள், கஞ்சியும் கூடியது.

இப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. கல்தூசியும் பீடியும் நெஞ்சில் ஏறிவிட்டன. நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. அதனால் அவர் சொன்னவை எல்லாம் சுருக்கமாக இருந்தன. ஜனங்கள் அதை ஞானம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் மூச்சு வேண்டும்.

சென்னியப்பன் சீடர். வயதில் சாமியைவிடப் பதினான்கு வருடம் மூத்தவர். கல்யாணங்களுக்குச் சமைத்துப் பரிமாறுவது தொழிலாக இருந்தது. போதும் என்ற சொல்லை அவர் ஒரு வேண்டுகோளாகக்கூட எடுத்துக்கொண்டதில்லை. போதும் என்றால் ஒரு கரண்டி. போதவே போதும் என்றால் இரண்டு. இலையைக் கையால் மறைத்தவர்களுக்கு விரலிடுக்கில் ரசம் ஊற்றுவார். எட்டு வருடத்துக்கு முன்னால் மடத்துக்கு ஒரு நாள் சமையலுக்கு வந்தவர், சாமி வைத்ததை எல்லாம் மறுக்காமல் சாப்பிட்டு முடித்ததைப் பார்த்து, இவர்தான் குரு என்று முடிவுசெய்து தங்கிவிட்டார். சாமிக்கு அடுத்த மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அதை அவர் இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கஞ்சி ஊற்றி முடிந்த பிறகு, சென்னியப்பன் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்கண்ணா."

"அண்ணான்னு கூப்பிடாதீங்க. நான் சீடனுங்க."

"சரிங்கண்ணா. கேளுங்க."

"தூங்கறப்ப ஊரு பேரு எல்லாம் மறந்துபோகுது. மூச்சை மட்டும் மறக்காம யாருங்க விடறது?"

சாமி அவர் மூக்கைக் காட்டினார்.

"மூச்சைப் புடிங்க."

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து கன்னம் உப்பப் பிடித்தார். கண்கள் பெரிதாயின. விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் ஊதி வெடித்து, தரையில் கை ஊன்றினார்.

"ஏன் விட்டுட்டீங்க?"

"காத்து... தீந்துபோச்சுங்க சாமி."

சாமி தன் விரலிலிருந்த கிளிப்பைக் கழற்றி நீட்டினார். சென்னியப்பன் மாட்டிக்கொண்டார். தொண்ணூற்றேழு.

"தீரலையே."

சென்னியப்பன் எண்ணையும் தன் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பின்ன ஏனுங்க அந்த முட்டு முட்டுச்சு?"

"கல்யாணத்துல பந்தி... எப்படி நடக்கும்?"

இதற்கு அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "ஒரு பந்தி பாயசத்துக்கு வர்றப்பவே அடுத்த பந்தி வந்து நாற்காலிய முதுகுப்பக்கமாப் புடிச்சுக்குமுங்க. சாப்பிடறவன் கழுத்துல இவன் மூச்சு படும். எந்திரிச்சதும் உக்காந்துக்குவான்."

"எந்திரிக்கலைன்னா?"

"எவ்வளவு ஆக்கி வெச்சும் பிரயோசனமில்லீங்க. வெளிய பசி, உள்ள சோறு. நடுவுல ஏப்பம் விட்டுக்கிட்டு ஒரு கூட்டம்."

சாமி தன் நெஞ்சில் கை வைத்தார். "இங்கயும் பந்திதான். நல்ல காத்து வந்து உக்காருது. கெட்டது எந்திரிச்சுப் போகுது. ரெண்டுக்கும் வழி ஒண்ணு." மூச்சு வாங்கினார். "முப்பது கோடி இலையாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"முப்பது கோடியா! யாருங்க பரிமாறறது?"

சாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"மண்டபத்துக் கதவை... எப்பத் திறப்பீங்க?"

"வெளிய நின்னு கத்தறதுக்கெல்லாம் திறக்க மாட்டேனுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரனா இருந்தாலும் சரி. உள்ள சாப்பிட்டவங்க எந்திரிச்சு வந்து கதவை முட்டணும். அப்பத்தான் திறப்பு."

"இப்ப உங்க நெஞ்சுல... முட்டுனது அவங்கதான்."

சென்னியப்பன் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். உள்ளே இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது.

"கதவுகிட்ட நீங்களேவா நிப்பீங்க?"

"அதுக்குன்னு ஒருத்தனை வெச்சிருப்பேனுங்க. கதவுக்காரன். அவனுக்கு மட்டும் கடைசிப் பந்தியிலதான் இலை. எவன் கெஞ்சுனாலும் முன்னால போட மாட்டேன்."

"பாவமில்லையா?"

"பாவந்தானுங்க. ஒருக்கா ஒரு முகூர்த்தத்துல மனசு கேக்காமப் போட்டுட்டேன். தூணுல சாஞ்சு தூங்கிட்டான். உள்ள நூறு பேரு, வெளிய இருநூறு பேரு. பொண்ணோட அப்பா செருப்பைக் கழட்டிட்டாருங்க."

சாமி தலையாட்டினார். "என் கதவுக்காரனுக்குக் காது மந்தம். எந்நேரமும் முட்டறாங்க. வருசக்கணக்கா. பழகிட்டான்."

"பின்ன எப்படிங்க கதவைத் திறக்கறாரு?"

சாமி பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்தது. இந்த முறை நீண்ட இருமல். சென்னியப்பன் முதுகைத் தடவினார், வெந்நீர் கொண்டுவந்தார், சாமி அயர்ந்து தலையணையில் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது அப்படியே நின்றுபோயிற்று.

தை மாதம் சம்மட்டி வைத்த நாள் வந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள் மடத்தில் கஞ்சி கிடையாது, விருந்து. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தகரக் கொட்டகையில் மூன்று வரிசை இலைகள். பெர்னதெத்தும் வந்திருந்தாள். அவளை முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, சென்னியப்பன் ஒரு கிண்ணத்தில் பருப்புப் பாயசம் எடுத்துக்கொண்டு சாமியின் அறைக்குப் போனார்.

சாமி ஒரு வாய் சாப்பிட்டார். அதற்குள் தோள்கள் ஏறி இறங்கின.

"போதும்."

"இன்னொரு கரண்டிங்க சாமி. தேங்காப்பால் விட்டிருக்கேன்."

சாமி கையைச் சற்றே தூக்கிக் கிண்ணத்தை மறைத்தார். அந்தக் கையின் நகங்கள் நாவல்பழம் தின்றவரின் உதடுபோல இருந்தன. விரல்கிளிப்பில் எண்பத்தாறு.

கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டது. சாம்பார் இங்கே, அப்பளம் அங்கே. ஒருவர் போதும் போதும் என்று சிரித்தார். சென்னியப்பன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண்ணாடிக் குழலைப் பார்த்தார். கீழிருந்து முதல் கோட்டில் உருண்டை நின்றது. மேலே நாலு கோடுகள் காலியாக இருந்தன. ஊரே இலை நிரம்பச் சாப்பிடுகிற நாள்.

திருகைத் திருகினார். உருண்டை தயங்காமல் ஏறி ஐந்தில் நின்றது.

அவர் கண்ணெதிரே எண்கள் மாறின. தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றெட்டு. நகங்களில் இரத்தச் சிவப்பு திரும்பியது. ஏறி இறங்கிய தோள்கள் தணிந்தன. சாமியின் முகத்தில் எட்டு வருடமாக அவர் பார்த்திராத ஒரு நிம்மதி. கண்கள் மூடிக்கொண்டன. சென்னியப்பன் போர்வையை இழுத்துவிட்டார். பாதங்களைத் தொட்டுக் கும்பிட்டார். அழுகை வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

முதல் பந்தி நிதானமாகச் சாப்பிட்டது. அவர் விட்டால்தானே எழுந்திருப்பதற்கு. பாயச வாளியோடு இரண்டு வரிசை முடித்து மூன்றாவதற்கு வந்தபோது அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். பெர்னதெத்தின் இலையில் ஊற்றினார்.

"போதும் மாஸ்டர், போதும்."

"குடிங்க சிஸ்டர். இன்னைக்கு சாமி மூச்சே வாங்காமத் தூங்கறாரு. தொண்ணூத்தெட்டு!"

பெர்னதெத்தின் கை இலையில் நின்றது.

"எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டுங்க."

"திருகைத் தொட்டீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் விழுந்தது. பாயசம் ஒட்டிய கையோடு ஓடினாள். பாதி இலையில் ஒருவர் எழுந்து ஓடுவதைச் சென்னியப்பன் தன் தொழிலில் பார்த்ததே இல்லை. வாளியைப் பிடித்தபடியே பின்னால் ஓடினார்.

சாமி அதே நிம்மதியோடு படுத்திருந்தார். பெர்னதெத் திருகைத் திருப்பி உருண்டையை ஒன்றுக்கு இறக்கினாள். கன்னத்தில் தட்டினாள். தோளை உலுக்கினாள். "சாமி! கண்ணைத் திறங்க! மூச்சை இழுங்க!" ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்குள் சென்னியப்பன் மூன்று முறை விட்டிருந்தார். "கூப்பிடுங்க மாஸ்டர், சும்மா நிக்காதீங்க. விடாமக் கூப்பிடுங்க!"

அவர் கூப்பிட்டார். சாமி என்று கூப்பிட்டார். தம்பி என்று கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வாளி கையிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் முகத்தோடு இறுக்கிக் கட்டும் ஒரு மெஷின் சாமிக்காக இரண்டு நாள் மூச்சு விட்டது. மூன்றாம் நாள் அவரே விட்டார். ஏழாம் நாள் மடத்துக்குக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

சென்னியப்பன் அறைக்குள் வரவில்லை. வாசலில், குவாரிப் பள்ளத்தைப் பார்த்தபடி நின்றார். காலடியில் துணிப்பை. அதிலிருந்து அவருடைய நீளக் கரண்டியின் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே பெர்னதெத் உருண்டையை ஒன்றில் நிறுத்தினாள்.

"இனிமே மாஸ்டர் இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது, சாமி. வேற யாராவது பொறுப்பான ஆளா வெச்சுக்குங்க."

"சென்னியண்ணா" என்று சாமி கூப்பிட்டார்.

கூப்பிட்ட குரலில் காற்றுதான் அதிகம். ஆனாலும் வாசலுக்குக் கேட்டது. சென்னியப்பன் கதவு நிலைவரை வந்து நின்றார்.

"பையில என்ன?"

"கிளம்பறேனுங்க சாமி. என் கை சரியில்லீங்க. அள்ளித்தான் பழக்கம். உங்களையே..."

"என்னையே?"

"கொல்லப் பாத்துட்டேனுங்க."

"யாரு... சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. நல்லது நடக்கறாப்பலதான் இருந்துச்சு. நகமெல்லாம் செவந்துச்சு. முகம் தெளிஞ்சுச்சு. உள்ள அத்தனை காத்து போச்சே, ஏனுங்க மூச்சு நின்னுச்சு?"

சாமி தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். பெர்னதெத் தோளைப் பிடித்துவிட்டாள்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க. இருமிட்டேன்."

"காது மந்தமான கதவுக்காரன் எப்படித் திறப்பான்னுங்க."

"பசிச்சா திறப்பான்."

சென்னியப்பன் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டறது அவன் காதுல விழாது. அவன் வயிறு காஞ்சாத்தான்... எந்திரிப்பான். கதவைத் திறப்பான். அவனுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்." சாமி மூச்சு வாங்கினார். "அவனுக்கு நீங்க... இலை போட்டுட்டீங்க."

சென்னியப்பன் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச விசயமுங்களே சாமி" என்றார். "நாப்பது வருசமா தெரிஞ்ச விசயம்."

"ஆமாங்கண்ணா."

"அவன் மூஞ்சியும் அப்படித்தானுங்க இருந்துச்சு, தூணுல சாஞ்சப்ப. அத்தனை நிம்மதியா."

பெர்னதெத் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "திருகை யார் பாத்துக்கறதுன்னு சொல்லுங்க, சாமி. எழுதிட்டுப் போகணும்" என்றாள்.

"சென்னியண்ணன்."

"இவரா?"

"இந்த ஊர்லயே அதைத் தொட... பயப்படற ஆளு இவர் ஒருத்தர்தான்."

அவள் வாதாட வாய் திறந்தாள். சென்னியப்பனைப் பார்த்தாள். அவர் மெஷினிலிருந்து முடிந்தவரை தள்ளி, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். நோட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டாள்.

"பசிக்குதுங்கண்ணா" என்றார் சாமி. "பையில இருக்கற கரண்டியை எடுங்க."

சென்னியப்பன் எழுந்து போனார். பச்சரிசியைக் குழைய வடித்து, மிளகு ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு சின்னச் சட்டியில் கொண்டுவந்தார். நுனி இலை ஒன்றை நறுக்கிச் சாமியின் மடியில் பலகைமேல் வைத்தார். கரண்டியை எடுத்தார். கால் கரண்டி வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இது குருவிக்கா?"

இன்னும் கொஞ்சம் வைத்தார்.

"இன்னும்."

வைத்தார்.

"போதும்."

கரண்டி அதற்குள் சட்டிக்குப் போய் நிரம்பி எழுந்துவிட்டது. இலைக்கு ஒரு சாண் மேலே அது அந்தரத்தில் நின்றது. சாமி இலையை மறைக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கரண்டியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு ரசம் திரண்டு, தொங்கி, இலையில் விழுந்தது.

சென்னியப்பன் கரண்டியைச் சட்டிக்கே திருப்பினார்.

சாமி மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டு வாய்க்கு நடுவே நின்று, தோள்களை ஏற்றி இறக்கி, மூச்சை வாங்கிக்கொண்டு, மறுபடி சாப்பிட்டார். ஒவ்வொரு முறை தோள் ஏறும்போதும் சென்னியப்பனின் தோளும் கூடவே ஏறியது. முன்பு அந்தச் சிரமத்தை அவரால் பார்க்க முடிந்ததில்லை. இன்று கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

பெர்னதெத் புறப்படுவதற்குமுன் கிளிப்பை மாட்டினாள். எண்பத்தொன்பது. "அப்படியே இருக்கட்டும், மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

சாமி கண்களை மூடிக்கொண்டார். சென்னியப்பன் இலையை எடுத்து மடித்தார். பலகையைத் துடைத்தார். உருண்டையைக் குனிந்து பார்த்தார். ஒன்றில் நின்றது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்றார்.

"தூங்கிட்டீங்களா சாமி?"

"இல்லீங்கண்ணா."

"ஒண்ணும் தொடலைங்க. சும்மாதான் கேக்கறேன்." தயங்கினார். "நூத்துக்கு எண்பத்தொன்பது இருக்குது. மீதி பதினொண்ணு?"

சாமி கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"அதை வெச்சுத்தான்... நாளைக்கு எந்திரிக்கணும்."